4 மெகாபிக்சல் கேமராவில் 9 பிக்சல் முகம்: நாங்கள் ஏமாந்த விதம்

எங்கள் குடியிருப்பின் முன்வாசலில் பூட்டி நிறுத்தியிருந்த சைக்கிள் ஒன்று நள்ளிரவில் திருடுபோனது. கேமராதான் இருக்கிறதே என்று எவரும் பெரிதாகக் கலங்கவில்லை. காலையில் பதிவை ஓட்டிப் பார்த்தபோது, ஒருவன் உள்ளே வருவதும், குனிந்து பூட்டை உடைப்பதும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியேறுவதும் வரிசையாகத் தெரிந்தன. வெளியேறும் முன் ஒரு கணம் தலையை நிமிர்த்திக் கேமராவையே பார்த்தான். அந்த இடத்தில் படத்தை நிறுத்திப் பெரிதாக்கினோம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் சில இருந்தன. மீசை உண்டா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. புகார் கொடுக்கச் சென்ற இடத்தில் அதைப் பார்த்த அதிகாரி, "ஆள் வந்தது தெரியுது, யாருன்னு தெரியலையே" என்றார். எட்டு மாதங்களுக்கு முன் நாங்கள் பணம் கொடுத்தது அந்த 'யார்' என்பதற்காகத்தான்.

கேமரா பொருத்திக் கொடுத்தவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் ஒருவரை மட்டும் தவிர்த்துவிட்டு, இதே வேலையைச் செய்யும் இன்னொருவரிடம் நீங்கள் போய் நிற்கக்கூடும். எங்கள் பங்குக்குத் தவறு இல்லாமலும் இல்லை. 'எத்தனை மெகாபிக்சல்' என்ற ஒரே கேள்வியைத்தான் அவரிடம் கேட்டோம்.

நாங்கள் விதித்த நிபந்தனைகள் இரண்டு: வாசலில் நுழைபவரின் முகம் அடையாளம் தெரிய வேண்டும்; பதிவு 30 நாள் இருக்க வேண்டும். "நாலு மெகாபிக்சல் சார், சட்டைப் பட்டனை எண்ணலாம்" என்றார் அவர். 2.8 மி.மீ. லென்ஸ் கொண்ட நான்கு கேமராக்களும், ஒரு ரெக்கார்டரும், 1 டிபி ஹார்டு டிஸ்க்கும் வந்தன. வாசலுக்கான கேமராவை, வாயிற்கதவிலிருந்து 7 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் கூரை விளிம்பில் பொருத்தினார். திரையில் அப்போது ஓடிய நேரலைப் படம் உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது. வாசலோடு சேர்த்து எதிர்ச் சுவர், செடிகள், பாதித் தெரு என்று எல்லாமே ஒரே படத்தில் அடங்கியதைப் பார்த்து மகிழ்ந்து, அன்றே முழுத் தொகையையும் கொடுத்துவிட்டோம். பதிவான படத்தைப் போட்டுக் காட்டுங்கள் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

திருட்டுக்குப் பிறகு அந்தப் பதிவைப் பென்டிரைவில் எடுத்து, கணினியில் கோப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. 4 மெகாபிக்சல் என்றால் படம் 2560×1440 பிக்சல் இருக்க வேண்டும். கோப்பில் இருந்ததோ 704×576. இத்தகைய கேமராக்கள் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்ட்ரீம்களை, அதாவது ஒரே காட்சியை இரண்டு அளவுகளில், அனுப்புகின்றன. முழு அளவிலான முதன்மை ஸ்ட்ரீம் ஒன்று. கைப்பேசியில் தடங்கலின்றிப் பார்ப்பதற்கான சிறிய துணை ஸ்ட்ரீம் மற்றொன்று. திரையில் எங்களுக்குக் காட்டியது முதன்மை ஸ்ட்ரீம். ரெக்கார்டர் டிஸ்க்கில் எழுதிவந்தது துணை ஸ்ட்ரீமை மட்டுமே.

இது கைதவறி நேர்ந்த பிழை அல்ல என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். முதன்மை ஸ்ட்ரீமை நொடிக்கு 4 மெகாபிட் என்ற ஓரளவு நல்ல தரத்தில் பதிந்தால், ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 43 ஜிபி இடம் வேண்டும். நான்கு கேமராக்களுக்கு 173 ஜிபி. அந்த வேகத்தில் 1 டிபி டிஸ்க் ஆறு நாளுக்குள் நிரம்பிவிடும். 30 நாள் வேண்டுமென்றால் 6 டிபி டிஸ்க் போட்டிருக்க வேண்டும். பெரிய டிஸ்க் வேண்டும் என்று சொன்னால் மொத்தத் தொகை ஏறி, வேலை கைநழுவிப் போகும் என்று நினைத்திருக்கிறார். எனவே 30 நாள் என்ற வாக்கைக் காப்பாற்றி, முகத்தைக் கைவிட்டுவிட்டார். ரெக்கார்டரின் கடவுச்சொல்லையும் தம்மிடமே வைத்துக்கொண்டதால், அமைப்பைத் திறந்து பார்க்கவும் எங்களுக்கு வழியில்லாமல் இருந்தது.

சரி, முதன்மை ஸ்ட்ரீமே பதிவாகியிருந்தால் முகம் தெரிந்திருக்குமா? அதுவும் ஐயமே. கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்ற பன்னாட்டுத் தரநிலையின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு, முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்கிறது; ஏற்கெனவே அறிந்த ஒருவரை 'இவர்தான்' என்று சொல்ல 125 போதும். (விற்பவர்கள் காட்டும் மாதிரிப் படங்களில் பெரும்பாலும் அவர்கள் கடை ஊழியரே நிற்பார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.) முகத்தின் அகலத்தைச் சுமார் 16 செ.மீ. என்று கொண்டால், 250 என்பது முகத்துக்கு 40 பிக்சல். எங்கள் கேமராவின் சென்சார் (லென்ஸுக்குப் பின்னால் படத்தை வாங்கும் சில்லு) 1/3 அங்குல வகை. அதன் அகலம் ஏறத்தாழ 4.8 மி.மீ. அதை லென்ஸின் 2.8-ஆல் வகுத்து, 7 மீட்டர் தொலைவால் பெருக்கினால், படத்தில் அடங்கும் அகலம் 12 மீட்டர். 2560 பிக்சலை 12 மீட்டருக்குப் பங்கிட்டால் மீட்டருக்கு 213, முகத்துக்கு 34. பதிவான 704-ஐப் பங்கிட்டால் முகத்துக்கு 9. நாங்கள் திரையில் எண்ணிப் பார்த்த கட்டங்களும் ஏறத்தாழ அவ்வளவுதான். எதிர்ச் சுவரும் தெருவும் தெரிகின்றன என்று அன்று மகிழ்ந்தோமே, முகத்துக்குச் சேர வேண்டிய பிக்சல்களைத் தின்றவை அவைதான்.

இரவு நேரத்தில் இந்த 9-கூட முழுதாகக் கிடைக்கவில்லை. வெளிச்சம் குறையும்போது கேமரா ஷட்டரைத் தானாகவே நொடியில் 25-இல் ஒரு பங்கு வரை திறந்து வைக்கிறது. சாதாரணமாக நடப்பவர் அதற்குள் ஐந்தரை செ.மீ. நகர்ந்துவிடுவார். அது முகத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு முகம் இழுபட்டுப் போகும். நொடியில் நூறில் ஒரு பங்கு என்று ஷட்டரைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் அதற்கு வாசலில் நல்ல விளக்கு வேண்டும். விளக்கைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. 'நைட் விஷன்' இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதவருகே நிற்கும்வரை முகம் ஓரளவு நேராகத் தெரிகிறது. உள்ளே நடந்து கேமராவுக்கு 3 மீட்டர் அருகில் வந்துவிட்டால் உச்சந்தலைதான் தெரிகிறது. தொப்பி அணிந்தவராக இருந்தால் தொப்பி மட்டும்.

இப்போது நாங்களாகவே 2 மெகாபிக்சல் கேமரா ஒன்றை, 6 மி.மீ. லென்ஸுடன் வாங்கி, நடைவழியின் உட்புறத்தில் இரண்டரை மீட்டர் உயரத்தில், நுழைபவர் முகம் 4 மீட்டர் தொலைவில் வருமாறு பொருத்தியிருக்கிறோம். படத்தில் அடங்கும் அகலம் 4 மீட்டருக்கும் குறைவு. தெரு தெரியாது, செடிகள் தெரியாது. முகத்துக்கு 80-க்கும் மேற்பட்ட பிக்சல் கிடைக்கிறது. உள்ளிருந்து வெளியே பார்ப்பதால் பகலில் பின்வெளிச்சத்தில் முகம் கறுத்துவிடும் என்று அஞ்சி, 120 டெசிபல் டபிள்யூடிஆர் (ஒரே படத்தில் மிகு வெளிச்சத்தையும் நிழலையும் சேர்த்துக் காட்டும் வசதி) கொண்டதாகவே தேடி வாங்கினோம். பெட்டியில் 'டிஜிட்டல் டபிள்யூடிஆர்' என்று இருந்தால் அது மென்பொருளால் படத்தை வெளுப்பாக்கும் வேலை; இரண்டும் ஒன்றல்ல.

இம்முறை பொருத்திக் கொடுத்தவருக்கான பணத்தின் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தோம். இரவில், வழக்கமாக எரியும் விளக்கில், குடியிருப்புக்கு அறிமுகமில்லாத ஒருவரைத் தொப்பியுடன் இயல்பான வேகத்தில் நடந்து வரச் சொல்லி, அந்தப் பதிவைக் கோப்பாக எடுத்துக் கணினியில் பார்த்தோம். மறுநாள் அவரையும் வேறு மூவரையும் வாசலில் நிற்க வைத்து, பதிவைக் காட்டி, வந்தது யார் என்று காவலாளியிடம் கேட்டோம். அவர் தயங்காமல் சரியான ஆளைக் காட்டிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுத்தோம். ரெக்கார்டரின் கடவுச்சொல் இப்போது எங்களிடம் இருக்கிறது.

பழைய ஆளிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, வித்தியாசத் தொகையைக் கொடுத்தால் 8 மெகாபிக்சல் கேமரா மாற்றித் தருவதாகச் சொன்னார். அதே ரெக்கார்டர், அதே டிஸ்க், அதே அமைப்பு என்றால் பதிவில் அதே 9 பிக்சல்தானே வரும் என்று கேட்டோம். அப்படியெல்லாம் இல்லை என்றார். அப்படியானால் உங்கள் வேறு வாடிக்கையாளர் எவருடைய வாசலிலாவது பதிவான இரவுக் காட்சி ஒன்றை அனுப்புங்கள் என்று எழுதிக் கேட்டோம். இரண்டு நாள் கழித்து, பகல் வெளிச்சத்தில் எடுத்த நேரலைப் படத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று வந்தது.