எக்ஸ்ட்ராக்ட் மெத்தட் மறுத்தால்: பெட்டிச் செய்தியா, நிரலின் மேலேயே குறியா?

பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஜாவா மொழியில் நிரல் எழுதும் நம் பிள்ளைகள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் இடம் இது. நீளமான மெத்தடில் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் தொகுதி) சில வரிகளைத் தேர்ந்தெடுத்து, தனி மெத்தடாகப் பிரிக்கச் சொன்னால் (இதுதான் எக்ஸ்ட்ராக்ட் மெத்தட்), நிரல் எழுத உதவும் மென்பொருளான எக்லிப்ஸ் சில நேரம் மறுத்து ஒரு பெட்டியைத் திறக்கும்: திருப்பித்தரும் மதிப்பில் குழப்பம், ஒன்றுக்கு மேற்பட்ட உள்மாறிகள் (மெத்தடுக்குள் மட்டும் பயன்படும் மாறிகள்) மாற்றப்படுகின்றன. காரணம் சரிதான், ஜாவா மெத்தட் ஒரு மதிப்பைத்தான் திருப்பும். ஆனால் “அண்ணே, எந்த வரியில?” என்று புதிதாக வந்தவர் கேட்டால் பெட்டியில் பதில் இல்லை. மூடினால் செய்தியும் போய்விடும்.

ஆய்வாளர்கள் எமர்சன் மர்ஃபி-ஹில்லும் ஆண்ட்ரூ பிளாக்கும் 2008-இல் வேறு வழி காட்டினார்கள். நிரலின் மேலேயே ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிறம், உள்ளே வரும் மதிப்புக்கும் வெளியே போகும் மதிப்புக்கும் அம்புக்குறி, தடை உள்ள இடத்தில் பெருக்கல் குறி. வெளியே இரண்டு அம்பு போனால் சிக்கல் எதுவென்று விளக்கவே வேண்டாம். என் ஓட்டு இதற்குத்தான். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள்.

கோப்பைத் திருத்த அனுமதி இல்லை என்பது போன்ற, எந்த வரியையும் சாராத தடைக்குப் பெட்டியே போதும்.