பென்டிரைவ் ஷார்ட்கட் வைரஸ்: ஃபார்மட்டா, ஆன்டிவைரஸா, அட்ரிப் கமாண்டா, லினக்ஸா?

பென்டிரைவ திறந்தா நாம வச்ச ஃபோல்டர் எல்லாம் அதே பேர்ல இருக்கும், ஆனா ஒவ்வொண்ணு மூலையிலயும் ஒரு குட்டி அம்புக்குறி, சைஸ் பாத்தா ஒண்ணு ரெண்டு கேபிதான். இத பாத்ததும் பதறிப்போய் நிறைய பேரு நேரா ஃபார்மட் கொடுத்துடுறாங்க. தயவுசெஞ்சு அத மட்டும் முதல்ல செய்யாதீங்க, ஏன்னா பெரும்பாலும் உங்க ஃபைல் எங்கயும் போயிருக்காது, அதே பென்டிரைவ்லதான் ஒளிஞ்சு கிடக்கும். டிரைவ் மேல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் பாருங்க, உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரிஞ்சாலும் யூஸ்டு ஸ்பேஸ்ல பழைய அளவு அப்படியே காட்டும்.

வைரஸ்னு சொல்றோமே தவிர இது வார்ம், தானா தன்ன காப்பி எடுத்துக்கிட்டு பரவுற ஜாதி. 2008ல வந்த கான்ஃபிக்கர்ங்கிற வார்ம், பென்டிரைவ்ல ஆட்டோரன் ஃபைல் (சொருகினதும் எத ஓட்டணும்னு விண்டோஸுக்கு சொல்ற ஃபைல்) ஒண்ண போட்டு வச்சு, சொருகினதும் வர்ற பாக்ஸ்ல ஃபோல்டர் ஐகானையே காட்டி ஏமாத்துச்சு. விண்டோஸ் 7ல மைக்ரோசாஃப்ட் பென்டிரைவுக்கு அந்த ஆட்டோரன நிறுத்திட்டாங்க, 2011 பிப்ரவரில எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அப்டேட்ல கொடுத்துட்டாங்க. நடுவுல 2010ல ஸ்டக்ஸ்நெட்னு இன்னொரு வார்ம் வந்தப்போ ஷார்ட்கட்ட கிளிக் கூட பண்ண வேணாம், ஃபோல்டர திறந்து அந்த ஐகான் திரையில தெரிஞ்சாலே போதும்னு இருந்துச்சு, அந்த ஓட்டைக்கும் அதே வருஷம் ஆகஸ்ட்ல அப்டேட் கொடுத்தாங்க. இப்போ நாம அதிகம் பாக்குற ஷார்ட்கட் வார்முக்கு இது எதுவும் தேவையில்ல, கிளிக் பண்றது நாமதான். அந்த ஷார்ட்கட்டோட பிராப்பர்ட்டீஸ்ல டார்கெட் கட்டத்த பாத்தா நம்ம ஃபோல்டர் பேருக்கு முன்னாடி சிஎம்டி, டபிள்யூஸ்கிரிப்ட்னு (கமாண்டையும் ஸ்கிரிப்டையும் ஓட்டுற விண்டோஸ் புரோகிராம்) ஏதாவது நிக்கும், அதாவது முதல்ல வார்ம ஓட்டிட்டு அப்புறமா நம்ம ஃபோல்டரையும் திறந்து காட்டிடும், அதனால நமக்கு சந்தேகமே வராது. அதுக்குள்ள அது கம்ப்யூட்டர்ல ஆப்டேட்டாங்கிற மறைவான ஃபோல்டர்ல உக்காந்து, ஒவ்வொரு தடவ உள்ள நுழையும்போதும் தானா ஓடுறதுக்காக ஸ்டார்ட்டப்லயும், விண்டோஸ் செட்டிங்ஸ் பதிஞ்சிருக்குற ரெஜிஸ்ட்ரில ரன் கீயிலயும் தன் பேர எழுதி வச்சுக்கிட்டு, அடுத்து எந்த டிரைவ் சொருகப்படும்னு காத்திட்டிருக்கும். ஷிஃப்ட் அழுத்திக்கிட்டே சொருகு, ஆட்டோரன்னு ஒரு காலி ஃபோல்டர் போட்டு வைன்னு இன்னமும் சிலர் சொல்றாங்க, அதெல்லாம் பழைய வார்முக்கு, இதுகிட்ட பலிக்காது.

ஃபார்மட்: வேகமானது, பென்டிரைவ்ல இருக்குற வார்ம் கண்டிப்பா போயிடும், கூடவே உங்க ஃபைலும் போயிடும். கம்ப்யூட்டர்ல வார்ம் ஓடிக்கிட்டே இருந்தா ஃபார்மட் முடிஞ்ச கொஞ்ச நேரத்துல அதே டிரைவ்ல திரும்ப வந்து உக்காந்துக்கும். என் அக்கா பொண்ணு இப்படித்தான் மூணு தடவ ஃபார்மட் பண்ணிட்டு பென்டிரைவே கெட்டுப்போச்சுன்னு அழுதா, போனது அவளோட ஒரு வருஷ ப்ராஜெக்ட் ஃபோட்டோ. முதல்லயே கேட்டிருந்தா அத்தனையும் எடுத்திருக்கலாம், எனக்கு இப்பவும் மனசு ஆறல. டிரைவ்ல முக்கியமா ஒண்ணும் இல்ல, கம்ப்யூட்டரும் சுத்தம்னு தெரிஞ்சா மட்டும் ஃபார்மட் போங்க.

ஆன்டிவைரஸ்: கம்ப்யூட்டர் பக்கத்துக்கு இதுதான் சரியான ஆளு. விண்டோஸ் 10, 11ல டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேன்னு ஒண்ணு கூடவே வருது, ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் முழுசா ஏறாம ஸ்கேன் பண்ணும், சுமார் 15 நிமிஷம். வார்ம் ஓடாத நேரத்துல தேடுறதால அதால தப்பிக்கிறது கஷ்டம். ஆனா பென்டிரைவ்ல இதோட வேல பாதிதான், ஷார்ட்கட்டையும் ஸ்கிரிப்டையும் அழிச்சிடும், மறைச்சு வச்ச ஃபைல்கள வெளிய கொண்டு வராது. அப்போ டிரைவ் காலியா தெரியும், ஆன்டிவைரஸ் என் ஃபைல அழிச்சிருச்சுன்னு நினைச்சு அந்த நேரத்துலதான் பலர் ஃபார்மட் கொடுக்குறாங்க.

அட்ரிப் கமாண்ட்: அந்த மீதி பாதி இதோட வேல. வார்ம் ஃபைலுக்கு ஹிடன், சிஸ்டம்னு ரெண்டு முத்திரையும் சேத்து குத்திடும். அதனால ஷோ ஹிடன் ஃபைல்ஸ் கொடுத்தாலும் தெரியாது, புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ மறைக்கிற டிக்கையும் எடுக்கணும், அப்படி எடுத்து பாத்தா பிராப்பர்ட்டீஸ்ல ஹிடன் கட்டம் மங்கலா கிடக்கும், கை வைக்க முடியாது. கமாண்ட் பிராம்ட்ல பென்டிரைவ் எழுத்த கோலனோட (E: மாதிரி) அடிச்சு உள்ள போயிட்டு, அட்ரிப், மைனஸ் எஸ், மைனஸ் ஹெச், மைனஸ் ஆர், ஸ்டார் டாட் ஸ்டார், ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி, இந்த வரிசையில இடைவெளி விட்டு அடிங்க (attrib -s -h -r *.* /s /d). மைனஸ் ஹெச் மட்டும் தனியா அடிச்சா சிஸ்டம் ஃபைல மாத்தலன்னு சொல்லி விட்டுடும், எல்லாத்தையும் ஒண்ணா கொடுக்கணும். சி டிரைவ்ல நின்னுக்கிட்டு தெரியாம கூட இத அடிச்சிடாதீங்க, எழுத்த ரெண்டு தடவ பாருங்க. சில வார்ம் எல்லா ஃபைலையும் பேரே தெரியாத ஒரு ஃபோல்டருக்குள்ள தள்ளி வச்சிருக்கும், கமாண்ட் முடிஞ்சதும் பேர் இல்லாம ஒரு ஃபோல்டர் தெரிஞ்சா அழிச்சிடாதீங்க, உங்க சொத்து பூரா அதுக்குள்ளதான். ஆனா இந்த கமாண்ட் எந்த வார்மையும் கொல்லாது, அது வேற வேல.

லினக்ஸ்: விண்டோஸ் மாதிரியே இதுவும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம், எனக்கு ரொம்ப பிடிச்ச வழி இதுதான். வேற ஒரு நல்ல கம்ப்யூட்டர்ல உபுன்டு மாதிரி ஒரு லினக்ஸ இன்னொரு பென்டிரைவ்ல ஏத்தி, அதுல இருந்து பூட் பண்ணுங்க, இன்ஸ்டால் வேணாம், சும்மா ஓட்டிப் பாக்குற டிரை (Try) மட்டும் போதும். லினக்ஸ் ஃபைல் மேனேஜர் விண்டோஸோட ஹிடன் முத்திரைய கண்டுக்காது, ஒளிஞ்ச ஃபோல்டர் எல்லாம் பளிச்சுனு முன்னாடி நிக்கும், விண்டோஸுக்கு எழுதின அந்த வார்மும் அங்க வெறும் ஃபைலா கிடக்கும். வேண்டியத காப்பி எடுத்துட்டு மீதிய அழிச்சிடலாம். கஷ்டம் என்னன்னா பயாஸ்ல (விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்) பூட் ஆர்டர், அதாவது எந்த டிரைவ்ல இருந்து முதல்ல கிளம்பணும்ங்கிற வரிசைய மாத்தி பழக்கம் இல்லாதவங்களுக்கு முதல் தடவ பயமா இருக்கும், அப்புறம் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரில எழுதி வச்சத இது தொடாது, அதுக்கு ஆஃப்லைன் ஸ்கேன் எப்படியும் ஓட்டித்தான் ஆகணும்.

அதனால ஃபைல் முக்கியம்னா, முதல்ல பென்டிரைவ கழட்டி வச்சிட்டு கம்ப்யூட்டர ஆஃப்லைன் ஸ்கேன்ல சுத்தம் பண்ணுங்க. அப்புறம் ஒரு காலி பென்டிரைவ சொருகி, உள்ள ஒரு ஃபோல்டரும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் போட்டுட்டு பத்து நிமிஷம் விடுங்க, கழட்டி திரும்ப சொருகி பாருங்க. அம்புக்குறி வந்தா கம்ப்யூட்டர் இன்னும் சுத்தமாகல, டாஸ்க் மேனேஜர்ல ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்னு ஏதாவது ஓடுதான்னு பாத்து ஸ்டார்ட்டப் லிஸ்ட்ட திரும்ப துருவுங்க. வரலன்னா அப்போ பழைய பென்டிரைவ சொருகுங்க, எந்த ஐகானையும் டபுள் கிளிக் பண்ணாம நேரா கமாண்ட் பிராம்ட்டுக்கு போய் மேல சொன்ன அட்ரிப் கமாண்ட அடிங்க.