கையில் புரளும் கோடாரி: ஆறு வருஷ அனுபவம்

போன வாரம் கோடாரிக்குக் காம்பு மாற்றினேன். அன்றைக்கே நண்பர் ஒருவர் கேட்டார்: “விறகு பிளக்க எத்தனை கிலோவில் வாங்கலாம்?” கிலோவை விடுங்கள். எடை எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

என்னுடையது லாரியின் ஸ்பிரிங் பிளேட்டில் அடித்த இரண்டு கிலோ தலை. இரும்பில் குறையே இல்லை. கன்னம், அதாவது தலையின் பக்கவாட்டு, நன்றாகப் புடைத்திருப்பதால் மரம் வெட்டும் கோடாரி மாதிரி கட்டையில் கவ்விக்கொள்ளாது, பிளந்து தள்ளும். சவுக்கு என்றால் ஒரே போடு.

புளியங்கட்டையில்தான் வயிறு எரியும். அதன் இழை பின்னிக்கொண்டு கிடக்கும், போடு நேராக விழுந்தே ஆகவேண்டும். இதுவோ பாதி வழியில் புரண்டு கட்டையைச் சாய்வாகச் சீவும். ஒருமுறை தெறித்துக் கணுக்கால் பக்கம் போனது. ஆறு வருஷம் என் கைதான் சரியில்லை என்று நினைத்திருந்தேன்.

தலைக்குக் கீழே காம்பை இரண்டு விரலில் கிடையாகத் தாங்கிப் பாருங்கள். என் கோடாரியின் வெட்டும் வாய் சட்டென்று தரையைப் பார்க்கும். காம்புக்குப் பின்னால் இரும்பே இல்லை, எடை முழுக்க முன்னால். போதாததற்குக் காம்பு நுழையும் துளை வட்டம், காம்பும் உருண்டை. அப்புறம் புரளாமல் என்ன செய்யும்? 18ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவில் மரம் வெட்டுகிறவர்கள் பின்பக்கம் கனத்த தலைக்கு மாறிவிட்டார்கள். பின்லாந்தின் ஹெய்க்கி கார்னா செய்த விபுகிர்வெஸ் கோடாரியில் எடையை வேண்டுமென்றே ஒரு கன்னத்துக்கு ஒதுக்கியிருக்கிறார். அது விழுந்த பிறகு திரும்பி விறகை நெம்பும். என்னுடையது விழுவதற்கு முன்பே திரும்புகிறது!

காம்பு மாற்றிய ஆசாரி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். “பிடி உருண்டையா இருந்தா வாய் எந்தப் பக்கம்னு கைக்கு எப்படித் தெரியும் தம்பி?” என்று பிடிக்கும் இடத்தை முட்டை வடிவத்தில் சீவித் தந்தார். பாதிப் புரளல் போய்விட்டது. மீதிப் பாதி தலையோடு பிறந்தது.

நண்பருக்கு: ஒன்றரை கிலோ போதும், பின்பக்கம் கனமாக, துளை நீள்வட்டமாக இருக்கட்டும். கனத்தைவிட வேகம்தான் முக்கியம்: எடை இரண்டு மடங்கானால் அடியின் சக்தி இரண்டு மடங்கு, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு. என் கோடாரியைப் போல ஒன்றை வாங்கவே வாங்காதீர்கள்.

என்னுடையதை விலைக்குக் கேட்டாலும் தரமாட்டேன். நேற்று மாலை, இரண்டு மாதமாக வாசலில் கிடந்த புளியங்கட்டை நாலாவது போட்டில் வாய் திறந்தது. உள்ளே வைரம் பாய்ந்த நடுக்கட்டை கருஞ்சிவப்பாக இருந்தது.