பட்டாவும் ஈசியும் இணையத்தில் பார்த்தே ஒரு இடம் வாங்கினேன்

தொழிலுக்கு ஒரு சின்ன கிடங்கு வாங்க அலைந்தபோது, தமிழ்நாடு அரசின் இரண்டு இணையச் சேவைகளை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பயன்படுத்தினேன். ஒன்று வருவாய்த் துறையின் பட்டா, அ-பதிவேடு (ஊரின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நில விவரம் எழுதிய பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) பார்க்கும் தளம். இன்னொன்று பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட், அதில் ஈசி என்கிற வில்லங்கச் சான்றும் (அந்த இடத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) வழிகாட்டி மதிப்பும் (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் இட மதிப்பு) பார்க்கலாம். இரண்டிலுமே பார்ப்பதற்குக் காசு கிடையாது. இடம் வாங்குகிற யாரும் இதைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

புரோக்கர் 30 வருஷ ஈசி கொண்டுவந்து கொடுத்தார், சுத்தமாக இருந்தது. பட்டாவும் விற்பவர் பெயரில்தான். சரி, முடிக்கலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் அ-பதிவேட்டைத் திறந்து பார்த்தால் அதில் பழைய புல எண் என்று ஒரு கட்டம், வேறு எண் இருந்தது. 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் நிறைய ஊர்களில் எண்கள் மாறின, அதற்கு முந்தைய பத்திரங்கள் பழைய எண்ணிலேயே கிடக்கும். அந்தப் பழைய எண்ணைப் போட்டு டிஎன்ரெஜிநெட்டில் 1975 முதல் ஈசி தேடினேன். 1983-ல் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம்! கிழக்குப் பாகம் விற்பவரின் சித்தப்பாவுக்குப் போயிருக்கிறது, பட்டாவோ முழு இடத்துக்கும் இவர் அப்பா பெயரில் ஏறி, அப்படியே இவருக்கு வந்திருக்கிறது. விற்பவருக்கே இது தெரியாது. சித்தப்பா மகளைத் தேடிப் பிடித்து, அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்து, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிய பிறகுதான் கிரயம் செய்தேன். பட்டா என்பது வருவாய்க் கணக்குதான், அதுமட்டுமே உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பது எவ்வளவு உண்மை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

செலவைப் பொறுத்தவரை, வழிகாட்டி மதிப்பை முன்பே பார்த்துக்கொண்டது பெரிய உதவி. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 20 லட்சம் மதிப்புக்கு 1.8 லட்சம் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். 2023-ல் பதிவுக் கட்டணத்தை 4%-லிருந்து 2% ஆக்கினார்கள், கூடவே வழிகாட்டி மதிப்பை 2017-க்கு முந்தைய அளவுக்கு ஏற்றியும் விட்டார்கள், அதனால் கையிலிருந்து போகும் தொகை எல்லாருக்கும் குறைந்துவிடவில்லை. என்னைப் போல முதலே குறைவாக வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்கு இந்த 9% இன்னும் கனம்தான், முத்திரைத் தீர்வையையும் குறைக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு (2%-க்குப் பதில் 1%), அந்த வரம்புக்குள் வருகிறவர்கள் விட்டுவிடாதீர்கள்.

ஈசியில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும் என்பதை மறக்க வேண்டாம். பதியாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வாரிசுகள் யார் யார் என்பதெல்லாம் அதில் தெரியாது. அதற்கு மூலப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம்தான் போக வேண்டும், பக்கத்து நிலத்துக்காரரிடமும் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். போகும்போது பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் எடுத்த ஈசியைக் கையில் வைத்திருங்கள்.