மினி டிராக்டர் ஹீட் ஆகிறதா? ஹெட்டை இறக்க விடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

பழைய மினி டிராக்டர் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வண்டி ஹீட் ஆகிறது என்று பட்டறையில் நிறுத்தியதுமே, பானெட்டைக்கூடச் சரியாகத் திறந்து பார்க்காமல், "ஹெட் கேஸ்கெட் போயிருச்சுண்ணே, இறக்கணும்" என்று ஒருவர் சொன்னால் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். (ஹெட் என்பது எஞ்சின் சிலிண்டர்களின் மேல்மூடி. கேஸ்கெட் அதற்கு அடியில் கசிவில்லாமல் அடைக்கும் தகடு.) என்னிடம் இப்படிச் சொல்லி இரண்டு தவணையாக 27,500 ரூபாய் வாங்கினார்கள். கோளாறு இருந்தது 450 ரூபாய் ரப்பர் ஹோஸில். பணம் மட்டும் போயிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். வண்டியிலிருந்த ரேடியேட்டரையே மாற்றிவிட்டார்கள், அதனால்தான் இந்தப் பதிவு.

எங்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை. பந்தலுக்கு அடியில் பெரிய டிராக்டர் போகாது, 18.5 குதிரைத்திறன் மினி வண்டிதான் உழவுக்கும் மருந்தடிக்கவும். மூன்று சிலிண்டர், தண்ணீரில் குளிரும் எஞ்சின், வயதான வண்டி. மழை பிடித்துவிட்டால் அடிச்சாம்பல் நோய் இலையில் ஏறுவதற்குள் மருந்து அடித்தாக வேண்டும். ஸ்பிரேயரைப் பி.டி.ஓ.வில் (எஞ்சின் சக்தியில் கருவிகளை ஓட்டும் தண்டு) மாட்டி ஆக்சிலரேட்டரை ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் மீட்டர் முள் சிவப்புக்குப் போனது. ரோட்டில் சும்மா ஓட்டினால் ஒன்றும் இல்லை. ஐடிலில் எவ்வளவு நேரம் விட்டாலும் முள் அசையவில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் பட்டறைக்காரரிடம் முதலிலேயே சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

9,000 ரூபாயில் முடிந்துவிடும் என்றார். ஹெட்டை இறக்கிய பிறகு "வளைஞ்சிருக்கு, லேத்துல ஃபேஸிங் போடணும்" என்றார், அதாவது அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்க வேண்டுமாம். எவ்வளவு வளைந்திருக்கிறது என்று கேட்டேன். ஹெட்டின்மேல் நேர்ப்பட்டையை வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால் தெரிந்துவிடும் விஷயம். "அதெல்லாம் லேத்துக்காரன் பார்ப்பான்" என்று பதில். வேலை நடக்கும்போது கூட இருக்கிறேன் என்றதற்கு, ஹெட் இன்னும் லேத்திலிருந்து வரவில்லை, வந்ததும் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். கூப்பிட்டபோது எல்லாம் பூட்டி வண்டி தயாராக நின்றது, கணக்கு 19,500. துண்டுச்சீட்டில் நான்கு வரி. கழற்றிய பழைய கேஸ்கெட் எங்கே என்றால், குப்பையில் போட்டாச்சாம்.

தோட்டத்துக்கு வந்து ஸ்பிரேயரை மாட்டினேன். முன்பைவிடச் சீக்கிரமாக ஹீட் ஆனது. திரும்பப் போனால் வாட்டர் பம்ப் என்று 8,000. அதற்கும் அடங்கவில்லை. மூன்றாவதாக அவர் சொன்னதுதான் உச்சம்: "பிளாக்ல விரிசல் இருக்கும்ணே, எஞ்சினை முழுசா இறக்கிரலாம்." இருக்குமாம்! வண்டியை அங்கிருந்து எடுத்துவிட்டேன்.

உத்தமபாளையம் பக்கம் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே, "எப்ப ஹீட் ஆகுது, சும்மா நிக்கும்போதா, வேகம் கொடுக்கும்போதா?" என்றார். சொன்னேன். பானெட்டைத் திறந்து வைத்து என்னையே ஆக்சிலரேட்டரை ஏற்றச் சொன்னார். ரேடியேட்டரின் அடியிலிருந்து வாட்டர் பம்புக்குப் போகும் கீழ் ஹோஸைக் காட்டினார். வேகம் ஏற ஏற அது நடுவில் ஒட்டிப்போய் இரண்டு சுவரும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. வேகத்தைக் குறைத்தால் மறுபடி உருண்டுவிடுகிறது. அந்த ஹோஸ் பம்ப் உறிஞ்சுகிற பக்கம். சப்பாமல் இருக்க உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கும். என் வண்டியில் அது துருப்பிடித்து உதிர்ந்தே போயிருக்கிறது, ரப்பரும் ஆயில் பட்டு இளகிவிட்டது. ஐடிலில் உறிஞ்சல் குறைவு, அதனால் ஒன்றும் தெரியாது. மருந்தடிக்கும் வேகத்தில் தண்ணீர் ஓட்டமே நின்றுவிடும். பட்டறையில் ரேடியேட்டரைக் கழற்றியவர்கள் இந்த ஹோஸைக் கையில் பிடித்துக் கழற்றித்தான் திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

(இதே ஹோஸ் எஞ்சின் ஆறிய பிறகு சப்பிக் கிடந்தால் அது வேறு கோளாறு. ரேடியேட்டர் மூடியில் உள்ள சின்ன வால்வு சிக்கி, ஆறும்போது காற்றோ தண்ணீரோ உள்ளே போக விடாமல் செய்கிறது. மூடியை மாற்றினால் போதும்.)

ஹோஸை மாற்றியும் முள் கொஞ்சம் மேலேதான் நின்றது. அப்போதுதான் பெரியவர் முன்வலையைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். "இது உன் ரேடியேட்டராப்பா?" என்றார். கருப்புப் பெயிண்ட் புத்தம் புதிதாக மின்னியது. மடிப்புத் தகடுகளுக்கு நடுவே காற்றுப் போகும் சந்துகளில் பாதி பெயிண்டால் அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பெயிண்டுக்கு அடியில் துரு. என் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் கலந்தது, கீழ்த்தொட்டியின் இடது மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஈயம் வைத்துப் பற்றவைத்த தழும்பு இருக்கும். இதில் தழும்பே இல்லை, தொட்டியும் இரும்புத் தகடு. செம்பு ரேடியேட்டருக்குக் காயலான் கடையிலேயே நல்ல விலை கிடைக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

தோண்டத் தோண்ட இன்னும் வந்தது. தெர்மோஸ்டாட் இருந்த இடம் காலி. போன் போட்டுக் கேட்டால், "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்குண்ணே" என்கிறார். பல பட்டறைகளில் இதையே வைத்தியமாகச் செய்கிறார்கள். தெர்மோஸ்டாட் வெயிலைப் பார்த்து வேலை செய்வதில்லை. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைத்து, அதன்மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையில், பெரும்பாலும் 71-லிருந்து 82 டிகிரிக்குள், திறந்துவிடும். அது இல்லையென்றால் லேசான வேலையில் எஞ்சின் சூடேறாமலே ஓடும், டீசல் சரியாக எரியாது, எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். பைபாஸ் வழி உள்ள எஞ்சின்களில் ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், பளு ஏறும்போது ஹீட் கூடத்தான் செய்யும். பழசு கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால், நூலில் கட்டி அடுப்பில் காயும் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள். கழற்றி எறிவது ரிப்பேர் ஆகாது.

சீட்டில் "கூலன்ட் 4 லிட்டர்" என்று தனியாக ஒரு வரி இருந்தது. உள்ளே இருந்ததும் பச்சையாகத்தான் இருந்தது. கொஞ்சம் எடுத்துத் தட்டில் வெயிலில் வைத்தேன், சீக்கிரமே காய்ந்து ஓரத்தில் வெள்ளை உப்பு வளையம். அசல் கூலன்ட் விரலில் தேய்த்தால் வழுவழுக்கும், அவ்வளவு சுலபமாகக் காயாது. ஊற்றியிருப்பது சாயம் கலந்த போர்த் தண்ணீர். அந்த உப்பு எஞ்சினுக்குள் படிந்தால் உலோகத்தின் சூடு தண்ணீருக்கு இறங்காது. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி, அதுதான் சரி. (கூலன்ட் விஷம். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், சிந்தினால் கழுவிவிடுங்கள்.)

ஹெட் கேஸ்கெட் உண்மையிலேயே போயிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர் விளிம்புவரை இருக்கட்டும், ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் நாலைந்து குமிழி வந்து நின்றுவிட்டால் பயமில்லை, தங்கியிருந்த காற்றுதான். விடாமல் குமிழி வந்தால், அல்லது எஞ்சின் சூடேறும் முன்பே தண்ணீரைத் தள்ளினால், கேஸ்கெட் மேல் சந்தேகப்படலாம். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள், ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. என் வண்டியில் இதில் ஒன்றுகூட இல்லை. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்த அளவு 0.9 என்று போட்ட மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் உள்ளே தண்ணீர் 118 டிகிரிவரை கொதிக்காமல் இருக்கும், திறந்த மறுகணம் முகத்தில் அடிக்கும். அந்த மூடியின் ரப்பர் போய்விட்டாலும் வண்டி தண்ணீரைத் துப்பும், அதற்கும் கேஸ்கெட் என்று பில் போடுகிறவர்கள் உண்டு.

கவாத்து முடிந்து ரொட்டவேட்டர் ஓட்டுகிற நாட்களில் சருகும் கொடிச் சுருளும் முன்வலையில் அப்பிக்கொள்ளும், அதை முதலில் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஒரு தாளை வலைக்கு முன்னால் பிடித்தால் காற்று இழுத்து ஒட்டவைக்க வேண்டும். ஒட்டவில்லையென்றால் அடைப்பு, அல்லது பெல்ட் தளர்வு, அல்லது யாரோ ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில்.

பட்டறைக்காரர் ரேடியேட்டர் விஷயத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க கொண்டு வந்ததே இதுதான்" என்கிறார். நல்லவேளை, போன தடவை மூலையைப் பற்றவைத்தபோது எடுத்த போட்டோ போனில் இருந்தது. ஜி.எஸ்.டி. பில் கேட்டதற்கு மறுத்துவிட்டார். செய்த வேலைக்குப் பில் தராததே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன், புகாரைப் பதிந்துகொண்டார்கள். அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். "டிராக்டர் தொழிலுக்கு வைத்திருப்பது, நீ நுகர்வோரே இல்லை" என்று சிலர் பயமுறுத்துவார்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைக்கிறவருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. துண்டுச்சீட்டு, போட்டோ, பணம் அனுப்பிய ஜிபே விவரம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். வழக்கு நடக்கப்போவதால் பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை.

தேனி, கம்பம், போடிப் பக்கம் யாராவது உங்களிடம் மினி டிராக்டர் செம்பு ரேடியேட்டர் பழசு விலைக்குக் கொண்டுவந்தால், கீழ்த்தொட்டியின் இடது மூலையைத் தடவிப் பாருங்கள். ஈயத் தழும்பு இருந்தால் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.