லேசிக் செய்து பல ஆண்டுகள் கழித்து: கண்ணாடி போனது, கிட்டப்பார்வை போகவில்லை

"லேசர் பண்ணிக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு நான் இப்போதெல்லாம் ஆமாம் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. வயது என்ன, கண் அடிக்கடி எரிகிறதா, கார்னியாவின், அதாவது கண்ணின் முன்பக்கத்தில் உள்ள தெளிவான படலத்தின் தடிமனை யாராவது அளந்து சொன்னார்களா என்று திருப்பிக் கேட்கிறேன். எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்துக்கு மேல் பவர், கூடவே கொஞ்சம் சிலிண்டர், அதாவது கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாத கோளாறு. பள்ளிக்கூட நாளிலிருந்தே கண்ணாடிதான். லேசர் முறைகளில் ஒன்றான லேசிக் செய்துகொண்டு பல வருடங்கள் ஓடிவிட்டன, நாற்பதையும் தாண்டியாயிற்று. திருப்தியா என்றால், திருப்திதான். ஆனால் செய்துகொண்ட மறுவாரம் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். மறுவாரம் எழுதுகிறவர்கள் எல்லாருமே 'அற்புதம்' என்றுதான் எழுதுகிறார்கள். அதில் பொய் இல்லை, அவர்கள் பார்த்தது அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மைனஸ் பவர் உள்ள கண் பெரும்பாலும் இயல்பைவிடச் சற்று நீளமான கண். அதனால் வெளிச்சம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. லேசர் அந்த நீளத்தைத் தொடுவதே இல்லை. முன்பக்கத்தில் இருக்கும் கார்னியாவைச் செதுக்கித் தட்டையாக்குகிறது, குவியும் இடம் பின்னால் தள்ளிப் போய் விழித்திரையில் விழுகிறது. கண்ணாடி தேவைப்படாமல் போகிறது, கண் மட்டும் அதே நீளமான கண்ணாகவே இருக்கிறது. பிறகு எனக்கு நேர்ந்தவற்றில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் வருகிறது.

செதுக்குவதற்குக் கார்னியாவில் சரக்கு இருக்க வேண்டுமே. சராசரி கார்னியாவின் நடுப்பகுதி 540 மைக்ரான் அளவுக்கு இருக்கும், அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகம். லேசிக்கில் மேலே ஒரு மெல்லிய மூடி போல ஃபிளாப் எடுக்கிறார்கள், அது சுமார் 110 மைக்ரான். பிறகு ஒவ்வொரு பவருக்கும் ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் அடியில் குறைந்தது 250 மைக்ரான் மிஞ்ச வேண்டும் என்பது பழைய கணக்கு, இன்று பல மருத்துவர்கள் 300 மிஞ்சினால்தான் நிம்மதியாக இருக்கிறார்கள். மைனஸ் ஆறு உள்ளவருக்கு 540இல் 110 போய், 90 போய், 340 மிஞ்சும், பயமில்லை. அதே கார்னியா 490ஆக இருந்து பவர் ஒன்பதாக இருந்தால் மிஞ்சுவது 245. அப்படிப்பட்டவரிடம் "செய்யலாம், ஒன்றும் ஆகாது" என்று சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது. அவருக்குக் கார்னியாவைச் செதுக்காமல் கண்ணுக்குள்ளேயே ஒரு லென்ஸ் வைக்கும் ஐசிஎல் போன்ற வழிகள் உண்டு.

தடிமன் மட்டும் போதாது, வடிவமும் முக்கியம். கெரட்டோகோனஸ் என்று ஒன்று இருக்கிறது. கார்னியா பலவீனப்பட்டு மெல்ல மெல்லக் கூம்பு போலப் புடைத்துக்கொள்ளும். ஆரம்பநிலையில் ஆளுக்குத் தெரியவே தெரியாது. அந்தக் கண்ணில் லேசர் செய்தால் புடைப்பு வேகமெடுத்துப் பார்வையையே கெடுத்துவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் டோபோகிராஃபி, டோமோகிராஃபி என்று கார்னியாவின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் வரைபடமாக எடுக்கிறார்கள். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தாலும், குடும்பத்தில் யாருக்காவது இந்தக் கோளாறு இருந்தாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

நான் முதலில் போன இடத்தில் கான்டாக்ட் லென்ஸ் கடைசியாக எப்போது போட்டேன் என்றுகூடக் கேட்கவில்லை. படம் எடுத்தார்கள், "நாளைக்கே பண்ணிடலாம்" என்றார்கள். லென்ஸ் கார்னியாவை அழுத்தி அதன் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றிவைக்கும். மென்மையான லென்ஸ் என்றால் பரிசோதனைக்கு ஓரிரு வாரம் முன்பும், கடினமான லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரமோ அதற்கும் மேலோ முன்பும் கழற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளக்கும் வடிவம் உங்கள் கண்ணின் வடிவமாக இருக்காது. இரண்டாவதாகப் போன இடத்தில் லென்ஸைக் கழற்றிவிட்டுப் பிறகு வா என்று திருப்பி அனுப்பினார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரை முழுவதையும் பார்த்தார்கள், கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று அளந்தார்கள். அங்கேதான் செய்துகொண்டேன். இயந்திரம் எந்தத் தலைமுறை என்று விசாரிப்பதைவிட, எத்தனை பேரை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார்கள் என்று விசாரிப்பது மேல்.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மரத்துப்போக சொட்டு மருந்து, இமையை விலக்கிப் பிடிக்க ஒரு கம்பி, ஃபிளாப் எடுக்கும்போது கண்மேல் ஒரு அழுத்தம், சில நொடி பார்வை இருண்டுபோவது. வலி இல்லை. கண் லேசாக அசைந்தால் லேசர் தானே பின்தொடரும், ரொம்ப அசைந்தால் தானே நின்றுவிடும். செதுக்கும்போது முடி கருகும் வாடை வரும். உண்மையில் அங்கே எதுவும் கருகுவதில்லை. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்ஸைமர் லேசர் பக்கத்துத் திசுவைச் சுடாமல், பட்ட இடத்தில் மட்டும் பிணைப்புகளை உடைத்து ஆவியாக்குகிறது. 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில் இதை முதலில் சோதித்த மூவரில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். சோதனைப் பொருள், விருந்தில் மிஞ்சிய வான்கோழி. இதை முன்பே படித்திருந்ததால் அந்த வாடை வந்தபோது எனக்குப் பயத்தைவிடச் சிரிப்புத்தான் வந்தது.

மறுநாள் காலையில் சுவர்க் கடிகாரம் தெரிந்தது, எல்லாருக்கும் தெரிவது போல. அதை விட்டுவிடுகிறேன்.

கண் வறட்சியைப் பற்றித்தான் யாரும் உரக்கப் பேசுவதில்லை. ஃபிளாப் எடுக்கும்போது கார்னியாவின் நுண்ணரம்புகள் அறுபடுகின்றன. கண் காய்கிறது என்ற செய்தியே மூளைக்குச் சரியாகப் போகாது, கண்ணீர் குறையும், இமைப்பதும் குறையும். நரம்புகள் திரும்ப வளரப் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகிறது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ நடத்திய புரௌல் என்ற லேசிக் ஆய்வுகளில், அதற்கு முன் வறட்சியே இல்லாதவர்களில் 30 சதவீதம் வரை மூன்றாவது மாதத்தில் வறட்சி அறிகுறிகளைச் சொன்னார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "லென்ஸ் போட்டால் கண் உறுத்துகிறது, அதனால்தான் லேசருக்கு வந்தேன்" என்று சொல்கிறவர்கள் நிறைய. லென்ஸ் உறுத்துவதற்குக் காரணமே பல நேரம் வறட்சிதான். அதாவது லேசர் மேல் அதிக ஆசை உள்ளவர்களில் பலர், அதற்குப் பிறகு அதிகம் சிரமப்படக்கூடியவர்களும்கூட. வறட்சி இருந்தால் முதலில் அதற்கு மருத்துவம் பார்த்துவிட்டு வருவதுதான் முறை. கண்ணீரும் உமிழ்நீரும் வற்றும் ஷோகிரென், முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன் சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டுகிறவர்களும் கண்டிப்பாக மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

என் கதையில் முதல் வருடம் பாதுகாப்பு ரசாயனம் சேராத கண்ணீர்ச் சொட்டு எப்போதும் சட்டைப்பையில் இருந்தது. பிறகு குறைந்தது, முற்றிலும் போகவில்லை. கணினி முன்னால் நீண்ட நேரம் உட்கார்ந்தாலோ குளிர்சாதனக் காற்று முகத்தில் அடித்தாலோ இன்றும் கண் மணல் விழுந்தது போல ஆகிறது. வாழ முடியாத தொல்லை அல்ல. ஆனால் அப்போது "கொஞ்ச நாள்தான்" என்று சொன்னவர்கள் எந்தக் கொஞ்ச நாளைச் சொன்னார்கள் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

அடுத்தது இரவு. பரிசோதனை அறையில் வெளிச்சமான பலகையில் கறுப்பு எழுத்து, கடைசி வரி வரை படித்துவிடுவேன். மழை பெய்யும் ராத்திரியில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி வளையமும் கதிரும் தெரியும். எழுத்துப் பலகை இதை அளப்பதே இல்லை. இருட்டில் கண்மணி விரியும்போது, செதுக்கிய வட்டத்தின் ஓரம் வழியாகவும் வெளிச்சம் நுழைகிறது. அதிகப் பவரை நிறையச் செதுக்கிய கண்ணில் இது கூடுதலாக இருக்கலாம். வட்டத்தைப் பெரிதாக்கினால் வளையம் குறையலாம், ஆனால் அதற்கு இன்னும் ஆழமாகச் செதுக்க வேண்டும், மறுபடி தடிமன் கணக்கில் வந்து நிற்போம். அதே ஆய்வுகளில், முன்பு இப்படி எதுவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை மூன்றாவது மாதத்தில் ஏதாவது ஒரு பார்வைத் தொந்தரவைச் சொன்னார்கள், ஆனால் அன்றாட வேலையே கெடும் அளவுக்குச் சிரமப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இரண்டு எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். விளம்பரக்காரர்கள் இரண்டாவதை மட்டும் சொல்வார்கள், பயமுறுத்துகிறவர்கள் முதலாவதை மட்டும். ராத்திரி வண்டி ஓட்டுவதே பிழைப்பு என்றால் எனக்கு இருப்பதுகூட உங்களுக்கு அதிகமாகப் படலாம்.

இடது கண்ணில் பின்னாளில் அரைப் பவர் திரும்பி வந்தது. மறுபடி செதுக்கலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். இரவுப் பயணத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணம் வெள்ளெழுத்து. நாற்பதை ஒட்டிக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போவதால் கிட்டத்து எழுத்து மங்கும். இது லேசர் செய்தாலும் வரும், செய்யாவிட்டாலும் வரும். மைனஸ் பவர்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டால் பக்கத்தில் பளிச்சென்று தெரியும். லேசர் செய்தவன் அந்தச் சலுகையைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறான். இன்று மருந்துச் சீட்டில் உள்ள பொடி எழுத்துக்கு எனக்கு அந்த அரைப் பவர் இடது கண்தான் கைகொடுக்கிறது. முப்பத்தெட்டு வயதில் லேசருக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் ஒரு கண்ணைக் கிட்டத்துக்கும் வைக்கிற மோனோவிஷன் முறை உண்டு, ஆனால் சிலருடைய மூளைக்கு அது ஒத்துவராது. முதலில் கான்டாக்ட் லென்ஸ் போட்டு அதே மாதிரி சில நாள் வாழ்ந்து பார்க்கச் சொல்வார்கள். அதைத் தட்டாதீர்கள்.

எந்த முறை என்று கேட்டால் சுருக்கமாக இதுதான். பி.ஆர்.கே. பழைய முறை, ஃபிளாப் கிடையாது. மேல்தோலை நீக்கிச் செதுக்குவதால் முதல் சில நாள் நன்றாக வலிக்கும், பார்வை தெளியவும் வாரக்கணக்கில் ஆகும். ஆனால் மெல்லிய கார்னியா உள்ளவர்களுக்கும், குத்துச்சண்டை போல முகத்தில் அடி விழும் விளையாட்டுக்காரர்களுக்கும் அதுதான் ஏற்றது, ஏனென்றால் லேசிக் ஃபிளாப் பல வருடம் கழித்தும் பலத்த அடியில் நகரக்கூடும். ஸ்மைல் என்ற இன்னொரு லேசர் முறையில் சில மில்லிமீட்டர் கீறல் வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய வில்லையை உருவி எடுக்கிறார்கள், ஃபிளாப் இல்லை. எதுவானாலும் பவர் ஒரு வருடமாவது மாறாமல் இருந்திருக்க வேண்டும். பதினெட்டுக்குக் கீழே பேச்சே இல்லை.

கண் நீளமாகவே இருக்கிறது என்றேன் அல்லவா, அதனால் விழித்திரை கிழிவதற்கோ விலகுவதற்கோ உள்ள அபாயமும் அப்படியே இருக்கிறது. கண்ணாடி இல்லாததால் கண் மருத்துவரிடம் போவதையே பலர் நிறுத்திவிடுகிறார்கள். நான் வருடத்துக்கு ஒருமுறை கண்மணியை விரித்துப் பார்த்துக்கொள்கிறேன். திடீரென்று கரும்புள்ளிகள் பெருகினாலோ, மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, திரை இறங்குவது போல இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

கடைசியாக ஒரு கோப்பு. அறுவைக்கு முந்தைய பவர், கார்னியாவின் வளைவு அளவுகள், தடிமன், எவ்வளவு செதுக்கினார்கள், இவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கார்னியா மெலிந்தபின் கண் அழுத்தத்தை அளக்கும் கருவி உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், அதனால் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா என்ற நோய் மருத்துவர் கண்ணில் படாமல் நழுவலாம். வயதான பின் கண்புரை அறுவை செய்யும்போதும், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடுவது செதுக்கிய கண்ணில் கடினம், பழைய அளவுகள் கையில் இருந்தால் உதவும். அதற்குள் மருத்துவமனை மூடியிருக்கலாம், பதிவேட்டை அழித்திருக்கலாம். நான் தாளில் ஒரு படியும் மின்னஞ்சலில் ஒரு படியும் வைத்திருக்கிறேன், அந்தத் தாள் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று வீட்டில் சொல்லியும் வைத்திருக்கிறேன்.