ஐசி-7300 வாங்கலாமா? 40 மீட்டர் இரைச்சலோடு சில வருடங்கள்

ஐகாம் கம்பெனியின் ஹாம் ரேடியோ பெட்டியான ஐசி-7300-க்கு அடுத்த மாடல் மார்க்-டூ வந்துவிட்டது, பழைய ஐசி-7300 செகண்ட்ஹேண்டில் விலை இறங்கியிருக்கிறது, வாங்கிவிடவா அண்ணே என்று மதுரையிலிருந்து ஒரு தம்பி கேட்டார். புதிதாக ஹாம் லைசென்ஸ் எடுத்தவர். அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடி. மொட்டை மாடியில் ஆன்டெனா ஒயர் கட்டிக்கொள்ள அசோசியேஷன் சம்மதித்துவிட்டதாம். போனில் அரை மணி நேரம் பேசியும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த மாதிரி இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

100 வாட், டைரக்ட் சாம்ப்ளிங் (சிக்னலை நேராக எண்களாக மாற்றுவது), டச் ஸ்கிரீன் என்பதெல்லாம் 2016-லிருந்து எல்லோரும் எழுதித் தீர்த்தது. என் பங்குக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வாங்கியதிலிருந்து பெட்டியைத் திறக்கவே வேண்டியிருந்ததில்லை. எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியே குறுஞ்செய்தி பரிமாறும் முறை) ஆடுவதற்கு ஒரே ஒரு யூஎஸ்பி கேபிள் போதும். பழைய ரிக்குக்கு (ரேடியோ பெட்டிக்கு) நானே சால்டர் செய்த இன்டர்ஃபேஸ் இப்போது பரணில் கிடக்கிறது. கேட்பதை அப்படியே எஸ்டி கார்டில் பதிவு செய்கிறது. ரிசீவர் அருமை. விலைக்கு இதைவிட நல்ல எச்எஃப் (ஷார்ட்வேவ்) பெட்டி நான் தொட்டதில்லை.

ஆனால் இதில் ஒரு வாட்டர்ஃபால் இருக்கிறது, அதாவது வரும் சிக்னலையெல்லாம் கோடுகளாக மேலிருந்து கீழே ஓட்டிக் காட்டும் திரை. பழைய ரிக்கில் இரைச்சலைக் காதால் மட்டும்தான் கேட்டேன், பழகியும் போனது. இதில் கண்ணால் பார்க்கிறேன். எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன ஓடுகிறது என்பது 7 மெகாஹெர்ட்ஸில் கோடு கோடாக இறங்கி வருகிறது. 40 மீட்டர் என்று சொல்லும் இந்த அலைவரிசையில் இந்தியாவில் நமக்குக் கொடுத்திருப்பதே 7.000 முதல் 7.200 வரைதான். 65 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகும் ஒரு சார்ஜர், அந்த 65-இன் மடங்குகளாக, அதற்குள் 7.020, 7.085, 7.150 என்று மூன்று இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். லோடு மாறினால் கோடு நகரும். நெட் (ஹாம்கள் குறித்த நேரத்தில் கூடிப் பேசுவது) நடக்கும் நேரத்தில் அது மெதுவாக நகர்ந்து நகர்ந்து நம் ஃப்ரீக்வென்சி மேல் வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து எந்தப் பெட்டி வாங்கினாலும் இதற்கு பட்டன் கிடையாது. நாய்ஸ் பிளாங்கர் தீப்பொறி மாதிரி விட்டுவிட்டு வரும் சத்தத்துக்குத்தான் சரி. நாய்ஸ் ரிடக்‌ஷன் காது வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். இரைச்சலுக்குக் கீழே போய்விட்ட சிக்னலை இரண்டுமே மீட்டுத் தராது.

நான் இருப்பது பாளையங்கோட்டையில். மாடியில் ஜிஐ பைப் நட்டு இன்வெர்ட்டட் வி ஆன்டெனா (தலைகீழ் V), கைக்குப் பத்து மீட்டர் ஒயர். சாயங்காலம் ஆனால் சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டரில் எஸ்7 இரைச்சல். இதே ரிக், இதே அளவு ஒயர், ஒரு கார் பேட்டரி. மூலைக்கரைப்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் வயலில் வைத்துக் கேட்டால் எஸ்2. ஒரு எஸ் யூனிட் 6 டெசிபல் என்ற கணக்கில் நடுவில் 30 டெசிபல், அதாவது ஆயிரம் மடங்கு. வயலில் எனக்குக் கேட்ட அளவுக்கு வீட்டிலும் கேட்க வேண்டுமானால், அந்தப் பக்கம் 100 வாட்டில் பேசுகிறவர் 1,00,000 வாட்டில் பேச வேண்டும். புது ரிக், லீனியர் (பவரைக் கூட்டும் பெட்டி), உயரமான பைப் என்று காசைக் கொட்டுகிற எல்லோரும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரைச்சலைத் தேடும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ரிக்கை பேட்டரியில் ஓட்டுங்கள். வீட்டின் மெயினை அணையுங்கள். என்ன மிச்சம் இருக்கிறதோ அது வெளியிலிருந்து வருவது. பிறகு எம்சிபியை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாட்டர்ஃபாலைப் பாருங்கள். எங்கள் வீட்டில் முதலில் சிக்கியது பூஜை அறை பல்பு. சந்தையில் வாங்கிய பெயர் தெரியாத எல்இடி. உடைத்துப் பார்த்தேன். ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர், ஒரு எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், கால் விரல் நகம் அளவுக்கு ஒரு ஐசி, ஒரு காயில். லைன் உள்ளே வரும் இடத்தில் காமன் மோட் சோக்குக்கு (இரைச்சல் வெளியே போகாமல் தடுக்கும் காயிலுக்கு) போர்டில் இடம் விட்டு, ஓட்டையும் போட்டு, பெயரும் அச்சடித்திருக்கிறார்கள். சோக் இல்லை. அந்த ஓட்டைகளில் இரண்டு வளைந்த கம்பியைச் சொருகி ஷார்ட் செய்து அனுப்பிவிட்டார்கள். வடிவமைத்தவருக்கு அது தேவை என்று தெரிந்திருக்கிறது. சில ரூபாய்க்காக யாரோ எடுத்திருக்கிறார்கள். எனக்கு இன்றைக்கு வரைக்கும் ஆறாத கோபம் அந்த இரண்டு கம்பித் துண்டின் மேல்தான்.

வீட்டுக்குள் இருப்பதை மாற்றிவிடலாம். அடுத்த வீட்டை என்ன செய்வது? சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஒரு அகலமான இரைச்சல் வரும், சில சமயம் அதன் சுருதி மாறும். கையில் சின்ன ரேடியோவோடு தெருவில் நடந்து பார்த்ததில் எதிர்வீட்டு பிஎல்டிசி ஃபேன் என்று தெரிந்தது. அந்த அத்தையிடம் போய்ச் சொன்னால் முதலில் நம்பவில்லை.

"ஏய்யா, எங்க வீட்ல ஃபேன் ஓடுனா ஒன் ரேடியோ எதுக்குய்யா கத்துது?"

"நீங்களே வந்து கேளுங்க அத்தை."

வந்தார். பேரன் அங்கே பால்கனியில் ரிமோட்டோடு நின்றுகொண்டு "இப்ப மூணு, இப்ப அஞ்சு" என்று கத்தினான். ஒவ்வொரு ஸ்பீடுக்கும் ஸ்பீக்கரில் சுருதி மாறியது. ஆஃப் என்றான், இரைச்சல் நின்று, அதற்குள்ளிருந்து இலங்கை நண்பர் ஒருவரின் குரல் தெளிவாக மேலே வந்தது. அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "இவ்வளவு நேரமும் அந்தத் தம்பி பேசிக்கிட்டேதான் இருந்தாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாளே எலெக்ட்ரீஷியனை வரச்சொல்லி, ஃபேன் கப்புக்குள் ஒயரை இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையத்தில் சுற்றிக் கொடுத்தோம். முழுதாகப் போகவில்லை, பாதிக்கு மேல் குறைந்தது. அந்த ஃபேனைக் குற்றம் சொல்லவும் மனது வரவில்லை. 75 வாட் இழுக்கிற இடத்தில் 28 வாட் இழுக்கிறது, கரண்ட் பில் குறைகிறது. மின்சாரம் மிச்சமாவது நல்ல விஷயம்தான். மிச்சம் பிடிக்கிற சர்க்யூட்டில் ஒரு ஃபில்டரும் இருந்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

ஃபெரைட் பற்றி ஒரு வார்த்தை. 40 மீட்டருக்கு 31-ஆம் நம்பர் மிக்ஸ் (ஃபெரைட் கலவை வகை) பெரிய வளையம் வாங்குங்கள். ஆன்டெனா ஃபீட் பாயின்ட்டில் (கேபிள் சேரும் இடத்தில்) கோஆக்ஸ் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். வீட்டுக்குள் இருக்கும் இரைச்சல் கோஆக்ஸின் வெளிப்பின்னல் வழியே மேலே ஏறி ஆன்டெனாவுக்குள் இறங்குவதை இது தடுக்கும். கேபிளில் மாட்டுகிற கிளிப் மணிகளை வரிசையாக மாட்டிப் பிரயோஜனம் இல்லை. ஒரு சுற்று போட்ட மணி விஎச்எஃப்பில் (இன்னும் உயர்ந்த அலைவரிசையில்) வேலை செய்யும், 7 மெகாஹெர்ட்ஸில் பெரிதாக ஒன்றும் செய்யாது. இந்த ஒரு வேலையில் எனக்குக் கிடைத்த முன்னேற்றம் ரிக்கை மாற்றியபோது கிடைத்ததைவிடப் பெரிது.

ஃபெரைட்டுக்கும் அடங்காதவை உண்டு. வானத்தில் பட்டுத் திரும்பி வரும் ஓவர்-தி-ஹொரைஸன் (அடிவானத்துக்கு அப்பாலும் பார்க்கும்) ரேடார் அலைகள் 40, 20, 15 மீட்டர் எதையும் விடுவதில்லை. ட்ர்ர்ர் என்று பல கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு வந்து உட்கார்ந்து, சில நொடியிலோ சில நிமிடத்திலோ வேறு இடத்துக்குத் தாவும். 1976-லிருந்து 1989 வரை சோவியத் ரேடார் ஒன்று மரங்கொத்தி என்று பெயர் வாங்கி உலகத்தையே படுத்திய கதை பழைய ஆட்களுக்குத் தெரியும். இப்போது ஒன்றல்ல, பல. அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, தாண்டிப் போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இரைச்சலைப் பற்றி இவ்வளவு ஏன் புலம்புகிறேன் என்றால், பொழுதுபோக்கு கெட்டுப் போகிறதே என்பதற்காக மட்டுமல்ல. 2004 டிசம்பரில் அந்தமானில் ஹாம் நிலையம் போட்டு வியு4ஆர்பிஐ என்ற கால்சைனில் (ஹாமின் அடையாளப் பெயரில்) உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தவர் பாரதி பிரசாத். 26-ஆம் தேதி சுனாமி வந்தது. போர்ட் பிளேரிலிருந்து நிலவரமும், உறவினர்களுக்கான தகவலும் மெயின்லாண்டுக்கு வந்து சேர்ந்ததில் அந்த நிலையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தப் பக்கம் இருந்தவர்கள் அன்றைக்கு அதைக் காதால் கேட்க முடிந்தது. அதே பலத்தில் ஒரு சிக்னல் இன்றைக்கு எங்கள் தெருவுக்கு வந்தால் சாயங்கால நேரத்தில் நான் கேட்பேனா என்பதை யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். இந்த ரிக் எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம் 40 மீட்டரில் இல்லை, மேலே 15, 10 மீட்டரில். அங்கே தெரு இரைச்சல் குறைவு. சூரியப் புள்ளிச் சுழற்சி 25 உச்சத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். அந்தச் சமயத்தில் 28 மெகாஹெர்ட்ஸ், அதாவது 10 மீட்டர், பகல் முழுக்கத் திறந்தே கிடந்தது. அதிலும் திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒரு தனி அதிர்ஷ்டம் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்தில்தான் போகிறது. திருவனந்தபுரம் பக்கம் தும்பாவில் 1963-ல் முதல் ராக்கெட் விட இடம் பார்த்ததும் அதற்காகத்தான். இங்கே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதும் அதற்காகத்தான். சூரியன் மறைந்த பிறகு இந்தக் கோட்டை ஒட்டி அயனமண்டலம் (ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் மேல் காற்று அடுக்கு) கலங்கிக் குமிழ் குமிழாக மேலே எழும்பும். மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் அதிகம்.

அது காதுக்கு எப்படி வரும் தெரியுமா? ஏழரை மணி வாக்கில் ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று குரல் நடுங்க ஆரம்பிக்கும், ஓடும் ஃபேனுக்கு எதிரே நின்று பேசுகிற மாதிரி. சிக்னல் பலம் குறையவே இல்லை, வார்த்தைகள் மட்டும் பொடிப்பொடியாகும். மோர்ஸ் டோன் கரகரக்கும். எஃப்டி8-ஐத் திருப்பினால் வாட்டர்ஃபாலில் தடிமனாகக் கோடுகள் தெரியும், ஒன்றுகூட டிகோட் ஆகாது. முதல் தடவை கேட்கிறவர்கள் ரிக்கில்தான் கோளாறு என்று நினைப்பார்கள். கோளாறு 300 கிலோமீட்டர் உயரத்தில். நம் தலைக்கு மேல் நடப்பதை ஆய்வகம் இல்லாமல் ஒரு ஸ்பீக்கரில் கேட்கிறோம் என்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

இன்னொன்று, எதிரொலி. 21 மெகாஹெர்ட்ஸில் ஒரு மாலை ஒருவர் மோர்ஸில் சிக்யூ (யாராவது பேச வருகிறீர்களா என்ற அழைப்பு) அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் மெலிதாக இன்னொரு புள்ளி. யாரோ அவர் மேலேயே அடிக்கிறார் என்று முதலில் நினைத்தேன். அவர் நிறுத்தினால் அதுவும் ஒரு புள்ளி கழித்து நிற்கிறது. எஸ்டி கார்டில் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் ஆடாசிட்டியில் விரித்து அளந்தேன். 138 மில்லிசெகண்டை ஒட்டி வந்தது. பூமியை ஒருமுறை சுற்றிவர ரேடியோ அலைக்கு ஆகும் நேரம் அதுதான். 40,000 கிலோமீட்டரை ஒளி வேகத்தால் வகுத்தால் 133 வரும். அலை அயனமண்டலம் வரை ஏறி இறங்கிப் போவதால் கொஞ்சம் கூடும். என்னைத் தாண்டிப் போன அதே புள்ளி உலகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்ப என் மாடி ஒயருக்கே வந்திருக்கிறது. அந்தப் பதிவை வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். எதிர்வீட்டு அத்தைக்கும்.

இப்போது தம்பியின் கேள்வி. வாங்கலாமா? இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது முரணாகத்தான் இருக்கும்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். பக்கத்துத் தெருவில் புதுமனை புகுவிழாவுக்கு சீரியல் லைட் போட்டிருக்கிறார்கள். நேற்று ராத்திரி 40 மீட்டரில் நான் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. அந்த எரிச்சலும் இந்தத் தீர்ப்பில் சேர்ந்திருக்கிறது, மறைக்கவில்லை. போன மாதம் கேட்டிருந்தால் வாங்கு என்றுகூடச் சொல்லியிருப்பேன். ஆனால் எரிச்சல் இல்லாமல் யோசித்தாலும், மூன்றாவது மாடி அபார்ட்மென்ட்டில், சுற்றி நாற்பது வீட்டு சார்ஜரும் லிஃப்ட்டும் இன்வெர்ட்டரும் இருக்கிற இடத்தில், முதல் செலவு ரிக்காக இருக்கக் கூடாது. நல்ல ரிசீவர் நல்ல சிக்னலையும் காட்டும், இரைச்சலையும் அதே துல்லியத்தோடு காட்டும். புதிதாக வருகிற பையன்கள் ஆசையாக வாங்கி, ஆறு மாதம் இரைச்சலை மட்டும் கேட்டு, மனம் வெறுத்து விற்றுவிடுகிறார்கள். செகண்ட்ஹேண்ட் விலை இறங்குவதற்கு மார்க்-டூ மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை.

தம்பி, முதலில் எஸ்எஸ்பி (ஹாம்கள் பேசும் முறை) வரும் சின்ன ரேடியோ ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கு. ஒயர் கட்டப்போகிற இடத்திலேயே பத்து மீட்டர் ஒயரைப் போட்டு, ராத்திரி எட்டு மணிக்கு 7.000-லிருந்து 7.200 வரை மெதுவாகத் திருப்பிப் பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் ஒருமுறை பார், சோலார் இன்வெர்ட்டர் இருந்தால் அப்போதுதான் தெரியும். கோடு எங்கெங்கே நிற்கிறது என்று எழுதி அனுப்பு. 31-ஆம் நம்பர் வளையம் என்னிடம் இரண்டு மிச்சம் இருக்கிறது, மதுரைக்கு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். விலையை அதற்கப்புறம் பேசுவோம்.